படகு விசிறி வாங்கிய கதை

தென்னேரியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை என்பது நமது நெடுநாளைய அபிப்பிராயம். காஞ்சிபுரம் வட்டாரத்துப் பெரிய ஏரிகளுள் ஒன்று நம் ஊர் ஏரி. திரையனேரி என்பதே அதன் பழம் பெயர் என்றும், தொண்டைமான் இளந்திரையன் பெயரால் அமைந்தது என்றும் பெரியவர்கள் சொல்லுவார்கள். ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிறைந்து கலங்கல் வழிய ஆரம்பித்தால், அதைப் பார்க்கக் கரையின் மீது ஊரே கூடிவிடும். மதகைத் திறப்பது, வாய்க்காலில் முறை வைப்பது, கரைக்கு மண் அணைப்பது ஆகிய விஷயங்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக் கூடியவர்கள் நாம். அப்படிப்பட்ட நமக்கு, ஒரு மோட்டார் படகின் அடியில் சுழலும் ஒரு சாண் விசிறியைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பது சென்ற பொங்கல் விடுமுறையில்தான் தெரிய வந்தது. அதிலும் பள்ளிக்கூடத்தில் பௌதிக பாடம் நடத்திக் கொண்டு இருபது வருஷம் தள்ளிய பிறகு!

நம் மைத்துனர் சென்னையில் உத்தியோகத்தில் இருக்கிறார். அவரும் அவருடைய சிநேகிதர் ஒருவரும் கூட்டாகச் சேர்ந்து, ஒருவர் ஓட்டி முடித்த பதினாறு அடி ஃபைபர் படகு ஒன்றை வாங்கினார்கள். பின்புறத்தில் நாற்பது குதிரைச் சக்தியுள்ள அவுட்போர்டு மோட்டார் பூட்டியது. கோவளத்துக்கு அருகில் உப்பங்கழியை ஒட்டி அதை நிறுத்தி வைத்திருந்தார். "மாமா, அக்காவையும் குழந்தைகளையும் அழைத்துக் கொண்டு ஒரு நாள் வாருங்கள்" என்று அவர் மூன்று முறை அழைத்த பிறகு, வாலாஜாபாத், செங்கற்பட்டு, திருப்போரூர், கேளம்பாக்கம் வழியாக ஒரு நாள் போய்ச் சேர்ந்தோம்.

முட்டுக்காட்டை அறியாத நேயர்கள் சிலரே இருப்பார்கள். கடலுக்கும் உள்நாட்டு நீருக்கும் நடுவில் பரந்து கிடக்கும் அந்த உப்பங்கழியில் 1984-ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை நடந்து வருகிறது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்கிற குடும்பங்கள் அங்கே இறங்கிப் படகேறாமல் போவது அபூர்வம். நாம் அந்தத் துறைக்குப் போகவில்லை. சற்றுத் தள்ளி மைத்துனர் படகு நின்ற இடத்தில் ஏறினோம். பெரியவர்கள் நால்வர், குழந்தைகள் இருவர், ஒரு கூடை நிறையப் புளியோதரை. எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டிய பிறகே மைத்துனர் எஞ்சினைக் கிளப்பினார் என்பதை அவருக்குப் பெருமையாகவே சொல்ல வேண்டும்.

கைப்பிடியை முழுவதும் திருகினார். எஞ்சின் உறுமியது. ஆனால் படகு ஓடவில்லை, உட்கார்ந்தது. பின்புறம் அமிழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்த்து எழும்பி, பின்னால் ஒரு மலையளவு அலையை இழுத்துக் கொண்டு, பாரம் ஏற்றிய எருமையைப் போலத் தண்ணீரை உழுது கொண்டு போயிற்று. முன்னால் என்ன இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியவே இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் படகின் மூக்கும், மூக்கின் மேல் ஆகாயமும்தான். "கொஞ்ச தூரம் போனால் எழும்பிவிடும்" என்றார். எழும்பவில்லை.

அந்தச் சமயத்தில் முன்னால் உட்கார்ந்திருந்த நம் மகள் "மாமா, ஆள்!" என்று கத்தினாள். மைத்துனர் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் திருப்பினார். கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிக் கொண்டிருந்த ஒரு பெண்மணி, நமது வலப்புறத்தில் ஐந்தாறு முழ தூரத்தில், அசையாமல் நம்மைப் பார்த்துக் கொண்டிருந்தாள். ஓலைப் பறி அவள் வாயில் கவ்வியபடி இருந்தது. அதனால் அவள் கூவக் கூட முடியவில்லை. அந்த ஐந்தாறு முழத்தை இன்று நினைத்தாலும் நமக்கு வயிற்றில் சங்கடம் செய்கிறது. நிமிஷத்துக்கு இரண்டாயிரம் தடவை சுழலும் மூன்று உலோகக் கத்திகள் அந்தப் படகின் அடியில் இருந்தன.

கரை சேர்ந்ததும் மைத்துனர் முகத்தில் ஈயாடவில்லை. மறுநாளே எஞ்சின் விற்கும் ஒரு கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். "நாற்பது போதாது சார், அறுபது போடுங்கள்" என்று அவர்கள் சொல்லிவிட்டார்களாம். அறுபது குதிரைச் சக்தி எஞ்சின் என்றால் இலட்சக்கணக்கில் ரூபாய். அவர் வங்கிக் கடனைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருந்தார். அந்தப் படகு தாங்கக் கூடிய அதிகபட்சக் குதிரைச் சக்தி எவ்வளவு என்று கட்டியவர்கள் படகிலேயே தகட்டில் பொறித்திருக்கிறார்கள் என்பதையும், அது ஐம்பதுதான் என்பதையும் அவர் பார்க்கவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை.

அவரைக் காப்பாற்றியவர் கோவளத்துக் குப்பத்தில் எஞ்சின் பழுது பார்க்கும் ஒரு முதியவர். அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. "வாத்தியாரே, முழுசா முடுக்கினப்போ முள்ளு எதுல நின்னுச்சு?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். சுற்றுக் காட்டும் முள்ளை நம்மில் யாரும் கவனித்திருக்கவில்லை. "அதப் பாக்காம விசிறியப் பத்தி என்னா பேசறது?" என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்ற வைத்துக் கொண்டார்.

நாம் வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினோம். பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மீண்டும் போய், குழந்தைகளைக் கரையில் விட்டுவிட்டு, அவர்கள் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றிக் கொண்டு பரிசோதனை செய்தோம். அதனால் அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

விசிறியின் மத்தியில் இரண்டு எண்கள் பொறித்திருப்பார்கள். மைத்துனருடைய விசிறியில் 11 × 13 என்று இருந்தது. முதல் எண் விசிறி சுழலும்போது உண்டாகும் வட்டத்தின் குறுக்களவு, பதினோரு அங்குலம். இரண்டாவது எண்தான் விஷயம். திருகு அளவியைக் கையில் வைத்துப் படித்த ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குப் புரியிடைத் தூரம் என்றால் என்னவென்று தெரியும்: திருகை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அது எவ்வளவு முன்னேறுகிறதோ அவ்வளவு. படகு விசிறியும் ஒரு திருகுதான். மரத்தில் திருகாணி இறங்குவது போல அது தண்ணீரில் இறங்குகிறது. பதின்மூன்று என்றால், தண்ணீர் மரத்தைப் போலக் கெட்டியாக இருந்தால், ஒரு சுற்றுக்குப் படகு பதின்மூன்று அங்குலம் போகும் என்று அர்த்தம்.

தண்ணீர் மரம் அல்லவே! ஆகவே கொஞ்சம் நழுவும். கணக்கைப் பாருங்கள். எஞ்சின் நிமிஷத்துக்கு 5,500 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக் கொள்வோம். நடுவில் உள்ள பல் சக்கரங்கள் அதைப் பாதியாக்கி விசிறிக்கு 2,750 சுற்றாகக் கொடுக்கின்றன. 2,750-ஐ 13-ஆல் பெருக்கினால் நிமிஷத்துக்கு 35,750 அங்குலம். மணிக்குச் சுமார் 54 கிலோமீட்டர். உண்மையில் இலேசான படகு 46 கிலோமீட்டர் போனால் நல்லது. மீதி நழுவலில் போய்விடும். நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை நழுவுவது சகஜம். இதைக் குற்றம் என்று எண்ண வேண்டியதில்லை. நழுவல் இல்லாவிட்டால் உந்தலும் இல்லை.

இந்த நழுவலைப் பற்றி உலகத்துக்கு வேடிக்கையாகப் பாடம் கற்பித்தவர் ஓர் ஆங்கிலேய விவசாயி. பிரான்ஸிஸ் பெட்டிட் ஸ்மித் என்று பெயர். 1836-ஆம் ஆண்டில் திருகினால் கப்பலை ஓட்டுவதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அவருடைய முதல் திருகு மரத்தால் ஆனது. திருகாணியைப் போலவே இரண்டு முழுச் சுற்று உடையது. நீளம் அதிகமானால் பிடிப்பும் அதிகம் என்று அவர் எண்ணினார். 1837-இல் லண்டனில் பாடிங்டன் கால்வாயில் ஓட்டிப் பார்த்தபோது அது எதிலோ இடித்துப் பாதி உடைந்து போயிற்று. படகு நிற்கவில்லை, முன்னை விட வேகமாக ஓடிற்று! அதிலிருந்துதான் திருகு குட்டையாகி, தனித் தனி இதழ்களாகி, இன்றைய விசிறியாயிற்று. 1845-இல் ஆங்கிலக் கடற்படையார் 'ராட்லர்' என்ற விசிறிக் கப்பலையும் 'அலெக்டோ' என்ற துடுப்புச் சக்கரக் கப்பலையும் பின்புறத்தோடு பின்புறம் கட்டி இழுக்க விட்டார்கள். முழு வேகத்தில் எதிர்த்து இழுத்துக் கொண்டிருந்த அலெக்டோவை, ராட்லர் பின்னோக்கியே இழுத்துக் கொண்டு போயிற்று. வடம் இழுக்கும் பந்தயம் பார்த்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மைத்துனர் படகுக்குத் திரும்புவோம். கியர் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவருக்கு மற்றது எளிது. சமதரையில் தனியாகப் போகும்போது கனத்த கியரில் மிதித்தால் வேகம் வரும். பின்னால் நெல் மூட்டையை வைத்துக் கொண்டு ஏரிக்கரை ஏற்றத்தில் அதே கியரில் மிதித்தால் என்ன ஆகும்? கால் ஓயும், சைக்கிள் நகராது. புரியிடைத் தூரம் அதிகமான விசிறி கனத்த கியர். குறைந்தது இலேசான கியர். வித்தியாசம் என்னவென்றால், ஓடிக் கொண்டிருக்கையில் படகின் கியரை மாற்ற முடியாது. எது வேண்டுமென்று கரையிலேயே தீர்மானித்துப் பூட்டிக் கொண்டு போக வேண்டும்.

அவருடைய எஞ்சினுக்கு வந்த கையேட்டில், முழு முடுக்கில் 5,000 முதல் 6,000 சுற்று வரை இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. அறுவர் பாரத்தோடு முழுக்க முடுக்கினோம். முள் 4,300-இல் நின்றது. குப்பத்து முதியவர் எதைக் கேட்டார் என்பது அப்போதுதான் விளங்கிற்று. எஞ்சினின் நாற்பது குதிரைகளும் ஐயாயிரம் சுற்றுக்கு மேல்தான் முழுமையாக இழுக்கும். அதற்குக் கீழே சில குதிரைகள் லாயத்திலேயே தூங்குகின்றன. எஞ்சின் சிறியதாக இருந்ததல்ல தவறு. இருந்த எஞ்சினை விசிறி வேலை செய்ய விடவில்லை.

இது வெறும் வேக நஷ்டமும் அல்ல. முழுக்க முடுக்கியும் சுற்று எழாமல் முனகும் எஞ்சினில் சூடு ஏறும், கரி படியும், பிஸ்டனும் பேரிங்கும் தேயும். நம் ஊரில் மோட்டாருக்குப் பொருந்தாத பம்பைக் கிணற்றில் பூட்டிக் காயில் கருகியவர்கள் உண்டு. அவர்களும் மோட்டாரைத்தான் திட்டுவார்கள்.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் ஒன்று உண்டு. புரியிடைத் தூரத்தை அளவுக்கு மேல் குறைத்துவிட்டால் எஞ்சின் தடையின்றிச் சுழன்று மேல் எல்லையைத் தாண்டிவிடும். இக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் அதைத் தடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அந்தத் தடை மேல் தினமும் முட்டிக் கொண்டிருப்பதற்காக யாரும் எஞ்சின் வாங்குவதில்லை.

ஒரு அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்று ஏறும் என்பது படகுக்காரர்களின் பொதுக் கணக்கு. ஆகவே இரண்டு அங்குலம் குறைத்து 11 × 11 விசிறி ஒன்றை வாங்கினோம். சில ஆயிர ரூபாய் ஆயிற்று. நானூறு சுற்று ஏறினால் 4,700. அதுவும் போதாதே என்று நமக்குக் கவலைதான். மறு ஞாயிறன்று அதே ஆட்கள், அதே மணல் மூட்டைகள். கைப்பிடியைத் திருகினார். மூக்கு ஒரு கணம் எழும்பிற்று. பிறகு மெள்ளத் தாழ்ந்தது. படகு தன் முன் அலையின் மேலேயே ஏறிக் கொண்டு தண்ணீரின் மேற்பரப்பில் வழுக்கி ஓட ஆரம்பித்தது. முள் 5,150! கணக்குக்கு மேல் எப்படி ஏறிற்று என்று யோசித்ததில் காரணம் தெரிந்தது. தண்ணீரை உழும் படகுக்குள்ள தடை வேறு. எழும்பி வழுக்கும் படகுக்குள்ள தடை வேறு. விசிறி தந்த சிறு சலுகையில் படகு அலையைத் தாண்டிவிட்டது. தாண்டிய பிறகு பாரமே பாதியானாற் போல் ஆயிற்று.

இரண்டு பேர் மாத்திரம் ஏறி மறுபடி பார்த்தோம். பழைய விசிறியில் இலேசான படகு 5,400 சுற்றும் மணிக்கு 45 கிலோமீட்டரும் காட்டியது. புதிய விசிறியில் 5,800 சுற்று, 41 கிலோமீட்டர். நாலு கிலோமீட்டர் வேகம் போயிற்று. மைத்துனருக்கு அதில் சிறிது மனஸ்தாபம். ஆனால் நிறைந்த பாரத்தில் கீழ் எல்லைக்கு மேலும், இலேசான பாரத்தில் மேல் எல்லைக்குக் கீழும் முள் நிற்கிறதல்லவா? அந்த இரண்டு பரீட்சையிலும் தேறிய விசிறிதான் அந்தப் படகுக்கு உரியது. கடையில் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தனியாகப் போகும்போது வரும் வேகத்தை மனத்தில் வைத்து வாங்குகிறார்கள்; போவதோ குடும்பத்தோடு.

குறுக்களவை நாம் மாற்றவில்லை. எஞ்சினைச் செய்கிறவர்கள் இடத்துக்குத் தக்கபடி அதை ஏறக்குறைய நிர்ணயித்து விடுகிறார்கள். மீன்பிடிப் படகுகளில் அப்படி அல்ல. அங்கே பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றால் டீஸல் மிச்சம். சென்னையிலிருந்து நடந்த வங்காள விரிகுடா மீன்வளத் திட்டத்துக்காக நார்வே நிபுணர் குல்பிரான்ட்ஸன் 1986-இல் சிறு படகுகளின் எரிபொருள் செலவைப் பற்றி எழுதிய நூல் இதை நன்கு விளக்குகிறது. வலை இழுக்கும் படகும் குழந்தைகளை ஏற்றிக் கொண்டு ஓடும் படகும் ஒரே விசிறியைக் கேட்பதில்லை.

இதழ் மூன்றா, நான்கா? மூன்று இதழ் வேகத்துக்கு நல்லது, விலையும் குறைவு. நான்கு இதழ் தண்ணீரைக் கெட்டியாகப் பிடிக்கும், மெதுவாகப் போகையிலும் படகை எழும்பியே வைத்திருக்கும், அதிர்ச்சியும் குறைவு. எப்போதும் நிறைந்த பாரத்தோடு போகிறவர்கள் நான்கை யோசிக்கலாம். அப்படி மாற்றும்போது புரியிடைத் தூரத்தில் ஓர் அங்குலம் குறைத்துக் கொள்வது வழக்கம்.

உலோகத்தைப் பற்றி நமக்குத் தயக்கமே இல்லை. துருப்பிடிக்காத எஃகு மெல்லியது, வளையாதது, வேகம் சிறிது கூடத் தருவது. ஆனால் முட்டுக்காட்டுக் கழியில் முகத்துவாரம் மணலால் மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறது. நேற்று ஆழமாயிருந்த இடம் இன்று திட்டு. எஃகு விசிறி தரையில் மோதினால், அந்த அதிர்ச்சி விசிறியோடு நில்லாமல் உள்ளே பல் சக்கரம் வரை போகும். அலுமினிய விசிறி தான் வளைந்து மற்றதைக் காப்பாற்றும்; தட்டி நேராக்கவும் முடியும். ஆழமில்லாத நீருக்கு அலுமினியம்தான்.

சில சமயம் விசிறி சரியாயிருந்தும் எஞ்சின் திடீரென்று அலறிச் சுழலும், படகு போகாது. வளைவில் திரும்பும்போது இது நேர்ந்தால், விசிறி மேலிருந்து காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். எஞ்சின் உயரமாகப் பூட்டியிருக்கலாம். விசிறிக்கு மேலே இருக்கும் தட்டு படகின் அடிப்பாகத்தோடு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். காற்றே புகாமல், இதழின் முதுகுப்புறத்தில் அழுத்தம் குறைந்து தண்ணீர் குளிர்ந்த நிலையிலேயே கொதித்துக் குமிழாவது வேறு. சார்லஸ் பார்ஸன்ஸ் 1894-இல் கட்டிய 'டர்பினியா' முதலில் எதிர்பார்த்தபடி ஓடாததற்கு அந்தக் குமிழ்களே காரணம். மூன்று தண்டுகளில் மும்மூன்றாக ஒன்பது விசிறிகள் பூட்டிய பிறகு, 1897-இல் விக்டோரியா மகாராணியின் கடற்படை அணிவகுப்பில் புகுந்து எல்லாக் கப்பல்களையும் தோற்கடித்து ஓடிற்று. நம் சிறு படகில் இதழ் ஓரம் நசுங்கியிருந்தாலே குமிழ் உண்டாகி உலோகத்தை அரிக்கும். ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம். தடவுமுன் எஞ்சின் நின்றிருக்கிறதா, சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

பழைய விசிறியைக் கழற்றியபோது இன்னொன்று கண்டோம். தண்டைச் சுற்றி, விசிறிக்குப் பின்னால், தங்கூசி நரம்பு ஒரு கைப்பிடி சுற்றிக் கிடந்தது. அது அப்படியே இருந்தால் தண்டின் ரப்பர் வளையத்தை அறுத்துவிடும். உப்புத் தண்ணீர் பல் சக்கர எண்ணெயில் கலந்துவிடும். முதியவர் அதைக் கத்தியால் அறுத்து எடுத்து, தண்டுக்குக் கிரீஸ் தடவி, நட்டை முடுக்கி, புதிய பின் ஒன்றைச் செருகி வளைத்தார். கூலியாக அவர் கேட்டது தேநீர்.

மாசி மாதத்தில் குழந்தைகளோடு மறுபடி போனோம். படகின் மூக்குத் தாழ்ந்திருந்ததால் முன்னால் நீர் முழுவதும் தெரிந்தது. முன்பு நின்ற இடத்துக்குச் சிறிது மேற்கே, மூன்று பெண்கள் பறியைக் கவ்விக் கொண்டு இறால் தடவிக் கொண்டிருந்ததை இருநூறு கஜத்துக்கு அப்பாலேயே நம் மகள் காட்டினாள். மைத்துனர் வேகத்தைத் தணித்து, அகலமாக ஒதுங்கி, பக்கத்தில் வந்ததும் எஞ்சினை அடியோடு நிறுத்தித் துடுப்பால் தள்ளிக் கொண்டு போனார். எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு இப்போது அவர் மணிக்கட்டிலேயே கட்டியிருக்கிறது. அவர் இடத்தை விட்டுத் தவறி விழுந்தால் விசிறி தானே நின்றுவிடும்.

பதின்மூன்று அங்குல விசிறியை விற்றுவிடலாம் என்றார். வேண்டாம் என்றோம். மணல் திட்டில் ஒரு விசிறி வளைந்தால் கரை சேர இன்னொன்று வேண்டும். அதைத் துணியில் சுற்றி, ஒரு ஸ்பானர், இரண்டு பின், மாற்று நட்டு ஆகியவற்றோடு முன்புறப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.